பெயர்களை மாற்றிச் சொல்லும் சாமியார்: மன்கார் கமோரான் யார், வில்லனா வெற்றுவேட்டா?

3 மே 2025 – மேலூர் வாசகர் ஒருவர் கேட்டது

ரீமாஸ்டர், அதாவது புதுப்பித்த பதிப்பு, வந்ததும்தான் ஆப்லிவியன் என்ற வீடியோ கேம் பக்கமே போனேன், நேற்று முடித்தேன். எல்லாரும் ஆகா ஓகோ என்கிற அதன் வில்லன் மன்கார் கமோரான் எனக்கு வெற்றுவேட்டாகத்தான் தெரிந்தான். மொத்த ஆட்டத்திலும் இரண்டு இடத்தில் முகம் காட்டுகிறான், மணிக்கணக்காகப் பேசுகிறான், நாலு அடியில் விழுகிறான். அந்தப் பேச்சிலும் டேட்ரா இளவரசர்கள் என்கிற அசுரத் தெய்வங்களின் உலகங்களை ஆள் மாற்றிச் சொல்கிறான். தன் மதமே தெரியாதவன் மதத் தலைவனா? எழுத்தாளர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது என் கட்சி.

3 மே, இரவு

உங்கள் கட்சிதான் நானும். ஆடாதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்லிவியன், எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் நான்காவது ஆட்டம், 2006 மார்ச்சில் வந்தது. ரீமாஸ்டர் போன மாதம் 22ஆம் தேதி. ஆரம்பத்திலேயே பேரரசர் யூரியல் செப்டிமைச் சிறைக்கு அடியில் உள்ள சுரங்கத்தில் வைத்துக் கொல்கிறார்கள். கொன்றது மிதிக் டான் என்ற ரகசியக் கூட்டம், அதன் தலைவன் மன்கார். மெரூன்ஸ் டேகன் என்ற அழிவுத் தெய்வத்தை உலகத்துக்குள் கூட்டி வருவதுதான் வேலைத்திட்டம்.

அந்தப் பிழை இதுதான். தன் பக்தர்களுக்காக அவன் உண்டாக்கிய சொர்க்கத்துக்குள் நாம் நடக்க நடக்க, காதுக்குள் பிரசங்கம் ஓடுகிறது. கோல்ட்ஹார்பர் என்ற உலகம் மெரிடியாவுடையது என்கிறான், அது மொலாக் பாலுடையது. குவாக்மயரைப் பெரையைட்டுக்குக் கொடுக்கிறான், அது வயர்மினாவுடையது. மூன்ஷேடோ மெஃபாலாவுக்காம், அது அசூராவுடையது. மூன்று சொல்லி மூன்றும் தப்பு. நம்மூரில் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பழனியில் இருப்பது பெருமாள், திருப்பதியில் இருப்பது முருகன் என்றால் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா விடுவார்களா?

4 மே

விடுவார்களா என்று நேற்றுக் கேட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன், முதலில் அவன் பக்கத்து நியாயம்.

நான் இதை முதலில் ஆடியது 2007இல், மதுரையில் கல்லூரிக் காலத்தில். என் கம்ப்யூட்டரில் இருந்த கிராபிக்ஸ் கார்டுக்கு இந்த ஆட்டத்தைத் தூக்கச் சக்தி கிடையாது. பழைய கார்டில் ஓட வைப்பதற்கென்றே ஓல்ட்பிளிவியன் என்று ஒரு ஒட்டுவேலை கிடைத்தது, அதைப் போட்டுத்தான் ஓட்டினேன். தண்ணீர் தார் ரோடு மாதிரி இருக்கும், புல் இருக்காது. இப்போது ரீமாஸ்டரில் புல் எல்லாம் அழகாக ஆடுகிறது, ஆனால் நூறு ஜிபிக்கு மேல் இறக்க எங்கள் வீட்டு இணையத்துக்கு இரண்டு ராத்திரி பிடித்தது.

அந்தக் கறுப்புத் தண்ணீர் காலத்திலும் என்னைக் கட்டிப்போட்டது அவன் எழுதிய புத்தகம். மிஸ்டீரியம் சார்க்சஸ் என்ற டேகனின் வேதத்துக்கு மன்கார் நாலு பாகம் உரை எழுதியிருக்கிறான். படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் ஒவ்வொரு பத்தியின் முதல் எழுத்தையும் வரிசையாகக் கோத்தால் ஒரு முகவரி வருகிறது: பச்சைப் பேரரசர் வீதியில், கோபுரம் உச்சி வெயிலைத் தொடும் இடம். அங்கே நடுப்பகலில் போய் நின்றால் ஒரு இளவரசன் கல்லறையில் வரைபடம் ஒளிர்கிறது, அதில் அவர்களுடைய ரகசியக் கோவில் இருக்கும் குகை தெரிகிறது. எங்கள் பள்ளித் தமிழ் ஐயா சித்திரக்கவி நடத்தும்போது கரந்துறைச் செய்யுள் என்று ஒன்று சொல்வார், ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பது. அப்போது கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டவன், நோட்டில் எழுத்து எழுத்தாக எழுதிக் கண்டுபிடித்தபோது விடியற்காலை மூன்று மணிக்கு அவரை நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறவனுக்கு மூன்று பெயர் தெரியாதா?

4 மே, பிறகு

சேர்க்க மறந்தது. புத்தகத்தைத் தேடி அலைவதும் நல்ல கூத்து. மூன்றாம் பாகம் தலைநகர்ப் புத்தகக் கடையில் வேறொருவருக்காக எடுத்து வைத்திருப்பார்கள், அவரை மடக்க வேண்டும். நாலாம் பாகத்துக்குச் சாக்கடைக்குள் இறங்கி மன்காரின் மகள் ரூமாவைச் சந்திக்க வேண்டும்.

6 மே

திருத்தம். சாக்கடையில் இருப்பது மகன் ரேவன். மகள் ரூமா குகைக் கோவிலில் இருப்பவள். மூன்று பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள், சந்தோஷம். மன்கார் பெயரை மாற்றிவிட்டான் என்று குதித்துவிட்டு அவன் பிள்ளைகளையே மாற்றிவிட்டேன்.

இதில் எனக்குப் பிடித்தது நாலாவது ஆள்தான். எனக்கு வக்காலத்து வாங்கி, "அவர் வேண்டுமென்றேதான் மாற்றினார், தலைப்போடு பொருத்திப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, நான் டீ குடித்துக்கொண்டே ஞாபகத்திலிருந்து எழுதினேன், அவ்வளவுதான்.

மகன் புத்தக விநியோகம், மகள் கோவில் நிர்வாகம், அப்பா சொற்பொழிவு. கூட்டம் ரகசியமாக இருந்தாலும் பொறுப்பு எல்லாம் வீட்டுக்குள்ளேயே. அப்பா மட்டும் என்ன, அவனுடைய அப்பன் ஹேமன் கமோரானும் ஒரு காலத்தில் நாட்டைப் பிடிக்கக் கிளம்பி ஹை ராக் வரை போய் அடி வாங்கியவன்தான். மூன்று தலைமுறை.

7 மே

எழுத்தாளர் கவனக்குறைவு என்ற கட்சிக்கு இன்னொரு அடி. இதே ஆட்டத்துக்குள் "ஆப்லிவியனின் கதவுகள்" என்று ஒரு புத்தகம் அலமாரியில் கிடக்கிறது. மோரியன் செனாஸ் என்ற மந்திரவாதி ஒவ்வொரு உலகமாகப் போன கதை. அதில் கோல்ட்ஹார்பர், குவாக்மயர், மூன்ஷேடோ எல்லாம் சரியான முதலாளிகளோடு இருக்கின்றன. அதாவது சரியான விடை ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

ஆனால் இதை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒருவர் எழுதிய புத்தகத்தை அடுத்த நாற்காலிக்காரர் படிக்காமலே வசனம் எழுதியிருக்கலாம். நான் வேலை பார்த்த இடங்களில் அதுதான் நடந்தது.

9 மே

கேட்ட சமாதானங்களைத் திரட்டிப் பார்த்தேன். ஒரு கூட்டம், மன்கார் பொய் சொல்கிறான், நமக்கு உண்மை தெரியக்கூடாது என்பதற்காக என்கிறது. இன்னொரு கூட்டம், பைத்தியம், அவ்வளவுதான் என்கிறது. மூன்றாவது கூட்டம் இருக்கிறதே, அதற்குத்தான் ஆள் அதிகம்: அவன் சொல்வதுதான் ஆதி உண்மை, விடியல் யுகத்தில் உலகங்கள் அப்படித்தான் இருந்தன, பிறகு மாறிவிட்டன, நமக்குத் தெரிந்தது பிந்தைய காலத்துப் பட்டியல். இதற்கு ஆதாரம் என்ன என்றால் மன்கார் சொன்னதுதான் ஆதாரம்.

நானும் சில வருடம் மூன்றாவது கூட்டத்தில் இருந்தவன். நண்பன் ஒருவனோடு ஆரப்பாளையத்தில் நின்றுகொண்டே இதைப் பேசிக் கடைசி பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

13 மே

நேற்று அழகர் ஆற்றில் இறங்கியாச்சு. விடியும் முன்னே போய்க் கூட்டத்தில் நசுங்கி, தண்ணீர் பீய்ச்சுகிறவர்களிடம் முழுக்க நனைந்து, வீட்டுக்கு வந்து மத்தியானம் வரை தூங்கினேன். திருவிழாவுக்குச் சித்தப்பாவும் வந்திருக்கிறார். 4ஆம் தேதி சொல்கிறேன் என்றது இவரைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் வாடிப்பட்டிப் பக்கம். 2003 வாக்கில் சித்தப்பா ஒரு சாமியாரிடம் போய் விழுந்தார். பெயர் வேண்டாம், இடம் வேண்டாம், அந்தத் தோப்பும் இப்போது இல்லை. நல்ல குரல் அந்த ஆளுக்கு. கர்ணகடூரமாகக் கத்துகிற ஜாதி இல்லை, தாழ்ந்த குரலில், உங்களுக்கு மட்டும் சொல்கிற மாதிரி பேசுவார். சேருகிறவர்களுக்குக் கையில் செப்புக் காப்பு ஒன்று. சித்தப்பா எங்கள் எல்லாரையும் ஒரு பௌர்ணமிக்கு வண்டி வைத்துக் கூட்டிப்போனார், அப்பத்தா உட்பட.

அன்றைக்குச் சாமியார் பிட்டுக்கு மண் சுமந்த கதையை எடுத்தார். வந்திக் கிழவி, வைகை வெள்ளம், பிரம்படி எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் அடித்த ராஜா வரகுண பாண்டியன் என்றுவிட்டார். எங்கள் அப்பத்தாவுக்குப் படிப்பு கிடையாது. திருவிளையாடல் அறுபத்து நாலும் காதால் கேட்டே மனப்பாடம். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகவே கேட்டுவிட்டது: "ஏஞ்சாமி, அது அரிமர்த்தன பாண்டியன்ல? மாணிக்கவாசகருகிட்டக் குதிரை வாங்கக் காசு குடுத்து விட்டவரு?"

கூட்டம் கப்சிப். சாமியார் சிரித்தார், பதில் சொல்லவில்லை. பதில் சொன்னது சித்தப்பாதான், வண்டியில் திரும்பும்போது, வழி முழுக்க. சாமி சொன்னது இந்த யுகத்துக் கதை இல்லை, போன சுற்றில் நடந்த திருவிளையாடல், அதில் ராஜா வரகுணன்தான், அது ஏட்டில் இருக்காது, ஞானத்தில் தெரிவது. அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே ஒன்றே ஒன்று சொன்னது: "அதை அவருல்ல சொல்லணும், நீ எதுக்குச் சொல்ற?"

14 மே

விடியல் யுகத்தில் உலகங்கள் அப்படித்தான் இருந்தன. போன சுற்றுத் திருவிளையாடலில் வரகுணன்தான். ஒரே வண்டி. அத்தனை வருடமும் நான் அதில்தான் ஏறி உட்கார்ந்திருந்தேன், பக்கத்து சீட்டில் சித்தப்பா இருந்தது தெரியாமல்.

18 மே

மேலூர்க்காரர் கேட்கிறார், அப்படியானால் பிழை வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்கிறீர்களா என்று. இல்லை. அதைச் சொன்னால் நானும் மறுபடி சித்தப்பா வேலையைத்தான் பார்ப்பேன். தப்பு தப்புதான். யார் செய்தது, ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் எழுத்தாளரா உள்ளே இருக்கும் மன்காரா என்பது எனக்குத் தேவைப்படவில்லை. நான் சொல்வது வேறு: தப்புச் சொல்கிற சாமியார் என்றால் கூட்டம் கலைந்துவிடும் என்று நீங்களும் நானும் 3ஆம் தேதி நினைத்தோம். கலையாது. தப்பு ஏற ஏற, அதற்குச் சமாதானம் கண்டுபிடிக்கிற வேலை பக்தனுக்குக் கிடைக்கிறது, அந்த வேலையில் அவன் தானும் ஏதோ ஆழமாகத் தெரிந்தவனாக ஆகிவிடுகிறான். சித்தப்பா வாழ்க்கையில் அவ்வளவு கோர்வையாகப் பேசி நான் கேட்டது அந்த வண்டிப் பயணத்தில்தான். உர மூட்டை விலையைப் பற்றித்தான் அதுவரை பேசுவார்.

வெற்றுவேட்டு என்ற தீர்ப்பை நான் வாபஸ் வாங்குகிறேன். நீங்கள் வாங்க வேண்டாம்.

18 மே, பிறகு

நாலு அடியில் விழுகிறான் என்ற குறையை விட்டுவிட்டேன். விழட்டும் சார். வாளைப் பிடித்தே பழக்கமில்லாத ஆள் விழத்தான் செய்வான். அவனுக்கு எப்போதும் அடுத்தவன்தான் வாள் பிடித்தான்.

1 ஜூன்

இந்த முறை சொர்க்கத்தை நிதானமாக நடந்து பார்த்தேன், அடுத்து என்ன என்று ஓடாமல்.

முதலில் பார்க்க ஏற்காடு மாதிரிதான் இருக்கிறது. பூ, அருவி, பச்சை. இறந்த பக்தர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். சாவு கிடையாது என்ற வாக்குறுதி அப்படியே நிறைவேறியிருக்கிறது. ஆனால் அந்தத் தோட்டத்தில் டேட்ராக்கள் அவர்களைத் துரத்தித் துரத்திக் கொல்கின்றன. கொல்லப்பட்டவர்கள் எழுந்து மறுபடி ஓடுகிறார்கள், மறுபடி கொல்லப்படுகிறார்கள். வாக்குறுதியில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, அதுதான் கொடுமை. இதையெல்லாம் தாண்டி, மன்கார் அமர்ந்திருக்கும் இடத்துக்குப் போகும் குகைக்குள் நுழைய வேண்டுமென்றால், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காப்பு என்று ஒன்றைக் கையில் மாட்ட வேண்டும். மாட்டினால் நாமாகக் கழற்ற முடியாது. உள்ளே விடுகிறது, வெளியே விடாது.

கழற்ற ஓர் ஆள் இருக்கிறான், எல்டமில். பேரரசர் கொலைக்குத் திட்டம் போட்டவர்களில் ஒருவன், மனம் மாறிப்போய் உள்ளேயே மாட்டிக்கொண்டவன். 2007இல் இவனை நம்பாமல் அவசரத்தில் வெட்டப் போனேன். இந்த முறை உட்கார்ந்து முழுக்கப் பேச விட்டேன். திருந்திய பக்தனின் பேச்சில் ஒரு களைப்பு இருக்கிறது, அதை எழுதினவருக்கு எங்கேயோ பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

நான் காப்பைக் கையில் மாட்டும்போது சித்தப்பா இங்கே இல்லை, ஊருக்குப் போய்விட்டார். இருந்திருந்தால் காட்டியிருப்பேனா என்று தெரியவில்லை.

3 ஜூன்

சாமியார் என்றாலே மோசடியா, நல்லவர்களே இல்லையா என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். நான் அதைச் சொல்லவே இல்லை. எங்கள் வீட்டில் பௌர்ணமி கிரிவலம் போகாத ஆள் நான் ஒருவன்தான், அதுவும் முழங்கால் வலியால்.

22 ஜூன்

தாயத்து விஷயம் கேட்டவருக்கு. ஆமாம், அது பெரிய ஓட்டை. மன்னர்களின் தாயத்தை செப்டிம் ரத்தம் மட்டுமே அணிய முடியும் என்பது கதையின் ஆணிவேர், நாம் போட முயன்றால் கழுத்தில் நிற்காது. மன்கார் கழுத்தில் ஜம்மென்று தொங்குகிறது. விளக்கம் எதுவும் ஆட்டத்தில் கிடையாது. எனக்கு நாலு விளக்கம் தெரியும், நாலும் அழகானவை, ஒன்றையும் இங்கே எழுத மாட்டேன். அப்பத்தா ஞாபகம் வருகிறது.

அவன் மதத்தின் சாரத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. கதை நடக்கும் டாம்ரியலே டேட்ராக்கள் ஆளும் ஆப்லிவியன் உலகங்களில் ஒன்றுதான், லோர்கன் என்ற இளவரசனுக்குச் சொந்தம், அவனுக்குச் சேவை செய்தவர்களே துரோகம் செய்ததால் அதை இழந்தான், ஆகவே டேகன் வருவது படையெடுப்பு இல்லை, மீட்பு. இதுதான் அவன் பேச்சின் சரக்கு. க்வாட்ச் என்ற ஊரே எரிந்து சாம்பலாகிறது, அதற்குப் பெயர் மீட்பு. அந்த மூன்று பெயர்களைப் பிடித்துக்கொண்டு நாம் ஏழு வாரம் ஓட்டிவிட்டோம், இந்தப் பெயர்மாற்றத்தை யாரும் பிழை என்று சொல்லவில்லை, நான் உட்பட.

18 ஆகஸ்ட்

டெரன்ஸ் ஸ்டாம்ப் நேற்று காலமானார், வயது 87. மன்காரின் குரல் அவர்தான். யூரியலுக்கு பேட்ரிக் ஸ்டீவர்ட், யூரியலின் மகனும் வாரிசுமான மார்ட்டினுக்கு ஷான் பீன், மூன்று பேரையும் ஒரே ஆட்டத்தில் பேச வைத்திருக்கிறார்கள். குகைக் கோவிலில் தாயத்தைக் கைப்பற்றிவிட்டோம் என்று அறிவித்துவிட்டு வாசலைத் திறந்து மறைகிறானே, அந்த இடத்தில் கத்தவே மாட்டார். நிதானமாக, நல்ல செய்தி சொல்கிற வீட்டுப் பெரியவர் மாதிரிதான் பேசுவார். அந்தக் குரலுக்காகத்தான் பேச்சு முடியும்வரை கத்தியை உறையிலேயே வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன், 2007இலும் இப்போதும்.

7 செப்டம்பர்

முடித்துவிட்டேன். ஜூனிலிருந்து சேமிப்பு அந்த அரியணை மண்டப வாசலிலேயே கிடந்தது, வேலை, பிள்ளைக்குக் காய்ச்சல், அது இது. மன்கார் விழுந்ததும் சொர்க்கம் கலைந்து, நாம் மலைக்கோவிலில் மார்ட்டின் முன்னால் நிற்கிறோம். தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஆட்டம் காட்டுவதில்லை. யாரும் கேட்பதும் இல்லை, மார்ட்டினுக்குத் தாயத்துதான் வேண்டும்.

இந்த வாரம் ஆவணி மூலத் திருவிழாவுக்குச் சித்தப்பா வந்திருந்தார், புட்டுத்தோப்புக்குச் சேர்ந்தே போனோம். பிட்டுக்கு மண் சுமந்த லீலை. கூட்டத்தில் யாரோ குழந்தைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள், ராஜா பெயர் வருகிற இடத்தில் சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

திரும்பும்போது இருபது வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். அந்தக் காப்பை யார் சித்தப்பா கழட்டிவிட்டது? ஒருவேளை அப்பத்தா, ஒருவேளை சித்தி, இல்லை நிலத்தை விற்ற பிறகு யாராவது பெரியவர் உட்கார வைத்துப் பேசியிருப்பார் என்றெல்லாம் எனக்குள் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது.

"யாருமில்லப்பா. மழைக்காலத்துல கை வீங்கிப்போச்சு. துணி சோப்பைப் போட்டு நானே கழட்டிட்டேன். மறுபடி மாட்டலாம்னுதான் ஜன்னல்ல வச்சேன், பெறகு எங்க போச்சுன்னு தெரியல."